காலை எடுக்கணுமாங்க? – ஆறாத புண் பற்றி வாசகர் கேள்வி, பதில்

ஆறாத கால் புண் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: "எந்த மருந்து போட்டால் ஆறும்?" மருந்து பற்றியும் சொல்கிறோம். ஆனால் அது கடைசியில்தான் வரும். ஏன் என்பது முதல் இரண்டு பதில்களிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: எங்க அய்யனுக்கு 61 வயசுங்க. 14 வருசமா சர்க்கரை. வலது கால் கட்டைவிரலுக்கு நேர் கீழே, உள்ளங்கால்ல ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண்ணு. ஏழு மாசமா ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாத்தறோம். மருந்தும் நாலு தடவை மாத்தியாச்சு. வலியே இல்லைங்கறார், தோட்டத்துக்கும் போய்ட்டுத்தான் வர்றார். ஏன் ஆறமாட்டேங்குது?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது அம்மிணி. வலி இல்லை, அதனால் நடக்கிறார். நடப்பதால் ஆறவில்லை. பல வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துவிடும். நமக்குக் காலில் ஒரு கல் குத்தினால் நினைக்காமலேயே நொண்டுவோம். உங்கள் அய்யனுக்கு அந்த நொண்டல் வராது. தோட்டத்துக்குப் போய்வர நாலாயிரம் அடி வைத்தால், இரண்டாயிரம் தடவை அந்தக் காசு அளவு இடத்தில் உடம்பின் பாரம் இறங்குகிறது. ராத்திரி முளைத்த புதுச் சதை மறுநாள் காலையில் நசுங்கிப்போகிறது. இதில் எந்தக் களிம்பு என்ன செய்யும்?

1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த பால் பிராண்ட் கண்டு சொன்னதும் இதைத்தான். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாத கையையும் காலையும் ஓயாமல் பயன்படுத்துவதால் தேய்ந்து போகின்றன. அவர் பரப்பிய மாவுக்கட்டு முறைதான் இன்றும் உள்ளங்கால் புண்ணுக்கு முதல் சிகிச்சை. முழங்காலுக்குக் கீழிருந்து விரல்வரை, பாதத்தின் வடிவத்தோடு ஒட்டிப் போடும் கட்டு அது. பாரம் ஓரிடத்தில் குவியாமல் பாதம் முழுக்கவும் கெண்டைக்காலுக்கும் பரவிவிடும். முதல் கட்டை இரண்டு மூன்று நாளில் பிரித்து மாற்ற வேண்டும், ஏனென்றால் வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்துவிடும். தளர்ந்த கட்டு உரசினால் புதுப்புண் வரும். பிறகு வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். நரம்பு மட்டும் கெட்டு, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள காலில் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பெரும்பாலும் மூடிவிடும். சீழ் இருந்தாலோ ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலோ இந்தக் கட்டைப் போடக்கூடாது.

கழற்றி மாட்டும் பூட்ஸும் கிடைக்கிறது. நல்லதுதான், ஆனால் வீட்டுக்குள் வந்ததும் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கழிப்பறைக்குப் போய்வரும் இருபது அடியும் நடைதான். இரண்டும் கிடைக்காத இடத்தில் 7 முதல் 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஃபெல்ட் துணியை முன்பாதம் முழுக்க ஒட்டி, புண் உள்ள இடத்தை மட்டும் முன்பக்கம் திறந்தபடி வெட்டிவிடச் சொல்லுங்கள். உளுந்து வடைபோல நடுவில் ஓட்டை போட்ட வளையம் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவில் புண் பிதுங்கி வீங்கும்.

அடுத்தது காய்ப்பு. புண்ணைச் சுற்றி வெள்ளையாக, மாட்டுக் குளம்பு போலத் தடித்த தோல் இருக்கிறதா பாருங்கள். அது செருப்புக்குள் கிடக்கும் கல்லுக்குச் சமம். பயிற்சி பெற்றவர் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கத்தியால் அதைச் சீவ வேண்டும். சீவியபின் புண் முன்னைவிடப் பெரிதாகத் தெரியும், லேசாக ரத்தமும் கசியும். பயப்பட வேண்டாம், புண்ணின் உண்மையான அளவே அதுதான். வீட்டில் பிளேடும் வேண்டாம், மருந்துக் கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரியும் வேண்டாம். பிளாஸ்திரியில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

ஏழு மாதப் புண் என்பதால் எலும்பையும் பார்த்தாக வேண்டும். மருத்துவர் மழுங்கிய உலோகக் கம்பியைப் புண்ணுக்குள் மெதுவாக விடுவார். கல்லில் தட்டியதுபோல் கடினமாக முட்டினால் கிருமி எலும்புவரை போயிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரேயில் இது முதல் இரண்டு மூன்று வாரம் தெரியாது. எனவே ஒரு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்று விட்டுவிடாமல், சில வாரம் கழித்து இன்னொன்று எடுங்கள். எலும்பில் கிருமி என்றால் மருந்து சுமார் ஆறு வாரம். கிருமித் தாக்குதலே இல்லாத புண்ணுக்கு ஆன்டிபயாடிக் எதற்கும் உதவாது.

புண் ஆறுகிறதா என்பதை நீங்களே அளக்கலாம். சுத்தமான பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் பிடித்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தை வரைந்து தேதி போடுங்கள். நீளம் 3 செ.மீ., அகலம் 2 செ.மீ. என்றால் பெருக்கிவர 6. நாலு வாரத்தில் அது 3-க்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் களிம்பை மாற்றாதீர்கள். பாரம், ரத்த ஓட்டம், எலும்பு மூன்றையும் முதலிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆறியபின் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற ரப்பர் செருப்பு, ஆயுள் முழுக்க. ஆறிய பாதங்களில் பத்தில் நாலு ஒரு வருடத்துக்குள் மறுபடி புண்ணாகின்றன.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு. இடது கால் இரண்டாவது விரல் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்கிறார்கள். வேறு வழி இருக்கிறதா? எத்தனை நாள் யோசிக்கலாம்?
– வாசகர், பெருந்துறை

பதில்: எத்தனை நாள் என்பதற்கு முதலில். கறுத்த இடம் ஈரமாக இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா பாருங்கள்.

ஈரம் என்றால்: வீக்கம், நாற்றம், சீழ், புண்ணைச் சுற்றி 2 செ.மீ.க்கு மேல் பரவும் சிவப்பு, குளிர் காய்ச்சல், அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்ற உணர்வு. இதில் யோசிக்க ஒரு ராத்திரிகூடக் கிடையாது, இது உயிர் போகிற விஷயம். அவசரப் பிரிவுக்கே போங்கள். ஆனால் அன்றிரவு செய்ய வேண்டியது பெரும்பாலும் சீழைத் திறந்துவிட்டு, செத்த சதையை நீக்குவது. காலை எடுப்பது வேறு முடிவு. "இப்போதைக்குத் திறந்துவிட்டு, இரண்டு நாள் பார்த்து முடிவு செய்யலாமா?" என்று கேளுங்கள். அது கேட்கக்கூடாத கேள்வி அல்ல.

விரல் வற்றல் மிளகாய்போல் சுருங்கிக் காய்ந்து, நாற்றமும் காய்ச்சலும் இல்லாமல் இருந்தால் சில நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களை ரத்த ஓட்டத்தைப் பார்க்கவே செலவிடுங்கள். பாதத்தின் மேல்புறமும், உள் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். கையில் 150, கணுக்காலில் 60 என்றால் 0.4. 0.9-க்குக் கீழே அடைப்பு, 0.5-க்குக் கீழே கடுமையான அடைப்பு. சர்க்கரைக்காரர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் பட்டையால் அதை அழுத்த முடியாது. கணக்கு 1.4-க்கு மேல் வரும், "ஓட்டம் நன்றாக இருக்கிறது" என்று ஏமாந்துவிடுவோம். அப்போது கால் விரலின் அழுத்தத்தை எடுக்க வேண்டும். அது 30-க்குக் கீழே என்றால், குழாயைச் சரிசெய்யாமல் புண் ஆறுவது கடினம்.

அதன்பின் அடைப்பு எங்கே என்று பார்க்க டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. சாயம் ஏற்றும் முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனையைப் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்கலாம். அல்லது அம்மாவின் காலிலிருந்தே ஒரு சிரையை எடுத்து மாற்றுப்பாதை வைக்கலாம். முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய குழாய்களிலும் இவை செய்யப்படுகின்றன.

வரிசை தப்பினால்தான் கால் போகிறது. காய்ந்த விரல் என்றால் முதலில் ரத்தத்தைக் கொண்டு வாருங்கள், பிறகு விரலை எடுங்கள். ரத்தம் வராத காலில் விரலை மட்டும் எடுத்தால் வெட்டிய வாய் மூடாமல் கறுக்கும், பிறகு பாதம் போகும், பிறகு கெண்டைக்கால். சீழ் இருந்தால் மட்டும் வரிசை மாறும்: முதலில் சீழ், அடுத்த சில நாட்களுக்குள் குழாய்.

அதுவரை காய்ந்த விரலைக் காய்ந்தபடியே வைத்திருங்கள். ஊறவைக்காதீர்கள், களிம்பு பூசாதீர்கள். போவிடோன் அயோடின் தடவிக் காயவிட்டு, விரலிடுக்கில் உலர்ந்த காஸ் துணி வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. இந்தக் காலைத் தலையணை அடுக்கி உயர்த்தவும் வேண்டாம், வருகிற கொஞ்ச ரத்தமும் ஏறாது.

எங்கே போவது என்றால், கோவை, பெருந்துறை, திருப்பூர், சேலம், நாமக்கல், கரூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. எங்கே போனாலும் வாஸ்குலர் சர்ஜன், அதாவது ரத்தக்குழாய் அறுவை நிபுணர், எந்தக் கிழமை பார்க்கிறார் என்று கேட்டுவிட்டுப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்வரை உதவி உண்டு. சிகிச்சைக்கு முன் ஒப்புதல் வாங்க வேண்டும், எனவே அட்டையையும் ரேஷன் கார்டையும் முதல் நாளே கையில் வைத்திருங்கள்.

காலை எடுப்பதே சரியான சிகிச்சையாகும் நிலையும் உண்டு. பாதம் முழுக்க அழுகிவிட்டால், கிருமி ரத்தத்தில் ஏறி உயிருக்கு ஆபத்தானால், திறக்கவே முடியாத அடைப்போடு தூங்கவிடாத வலி இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அப்போது கேட்க வேண்டியது, "முழங்கால் மூட்டைக் காப்பாற்ற முடியுமா?" மூட்டு இருந்தால் செயற்கைக் காலில் நடப்பது பல மடங்கு எளிது. விரலையோ பாதத்தின் முன்பகுதியையோ எடுப்பதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். பல வேளைகளில் கால் பிழைப்பது அதனால்தான்.

கேள்வி: தறிக்குடோன்ல 20 வருசமா நின்னே வேலைங்க. இடது கரண்டைக்கு உள்பக்கம் மூணு வருசமாப் புண்ணு. சுத்தித் தோல் கறுத்துக் கெட்டியாயிருச்சு. தண்ணியா வடியுது. சர்க்கரை இல்லை.
– வாசகர், சோமனூர்

பதில்: இது வேறு வகை. ரத்தம் இறங்குவதில் குறை இல்லை, மேலே ஏறுவதில்தான் குறை. சிரையின் வால்வுகள் கெட்டு ரத்தம் கரண்டையில் தேங்குகிறது. இதற்கு மருந்து அழுத்தக்கட்டுதான். கட்டும் முன் மேலே சொன்ன கணுக்கால் கணக்கைப் பாருங்கள், 0.8-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரத்தம் இறங்கும் குழாயில், அதாவது தமனியில், அடைப்பு உள்ள காலை இறுக்கிக் கட்டினால் நல்ல காலே கறுத்துவிடும்.

கரண்டையில் சுமார் 40 மி.மீ. பாதரச அழுத்தம் விழ வேண்டும். கடையில் வாங்கும் சாதாரண கிரேப் கட்டு சில மணி நேரத்தில் தளர்ந்துவிடும், அது போதாது. பஞ்சுப் பட்டை சுற்றி அதன்மேல் குறைவாக நீளும் பட்டையோ, பல அடுக்குக் கட்டோ வேண்டும். காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே கட்டுங்கள். இறங்கிவிட்டால் வீக்கம் சேர்ந்துவிடும். பாதத்தைச் செங்குத்தாக மடக்கி, விரல் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி, முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே முடியுங்கள். குதிகாலை விட்டுவிட்டால் அங்கே உருண்டையாக வீங்கும். விரல்கள் நீலமானாலோ, சில்லிட்டாலோ, வலி ஏறினாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். முதல் சில தடவை தெரிந்தவர் கையால் கட்டிப் பழகுங்கள்.

தறி ஓடும்போதே மணிக்கொரு தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், முப்பது தடவை. ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு கெண்டைக்கால் தசைதான். வீட்டில் அரை மணி நேரம் வீதம் மூன்று நாலு முறை, காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் படுங்கள்.

லேசர் அல்லது ரேடியோ அலையால் கெட்ட சிரையை மூடுவதைப் புண் ஆறியபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ள வேண்டாம். 2018-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், முதலிலேயே மூடியவர்களில் பாதிப்பேருக்கு 56 நாளில் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் பாதிப்பேருக்கு ஆற 82 நாள் ஆனது. மூன்று வருடப் புண் என்பதால் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கெடுத்துச் சோதிக்கவும் சொல்லுங்கள். ஓரம் மேடாகி, தொட்டால் ரத்தம் வடிகிற பழைய புண் சில சமயம் புற்றாக மாறியிருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 34 வயசுதான். சர்க்கரை இல்லை, பீடி நிறைய. நடந்தா பாதம் வலிச்சுது, இப்ப சுண்டுவிரல் கறுக்குது. கை விரல் நுனியிலயும் புண்ணு. ராத்திரி காலைத் தொங்கவிட்டு உக்காந்தே தூங்கறார்.
– வாசகி, பள்ளிபாளையம்

பதில்: இந்த வயதில், பீடியோடு, கையிலும் காலிலும் சேர்ந்து வந்தால் முதலில் நினைப்பது பர்ஜர் நோய். சின்ன ரத்தக்குழாய்கள் அழன்று அடைத்துக்கொள்கின்றன. இதில் பலூனுக்கும் மாற்றுப்பாதைக்கும் இடம் குறைவு. குழாய் நுனிவரை அடைத்திருக்கும். நரம்பை வெட்டும் அறுவை வலியைக் கொஞ்சம் குறைக்கலாம். காலைக் காப்பது ஒன்றுதான்: புகையிலையை முழுக்க நிறுத்துவது. "பத்து பீடியை இரண்டாகக் குறைத்துவிட்டேன்" என்பது இங்கே செல்லாது, இரண்டே நோயை உயிரோடு வைத்திருக்கும். ஹான்ஸ், பான் எதுவும் கூடாது. நிக்கோடின் பட்டையும் சூயிங்கமும்கூட இந்த நோய்க்கு ஏற்றவை அல்ல. நிக்கோடின் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன, மருத்துவரிடம் கேளுங்கள். விரல் அழுகும் முன் முற்றிலும் விட்டவர்களுக்குக் கால் பெரும்பாலும் தங்கிவிடுகிறது. இந்த வாரமே ரத்தக்குழாய் நிபுணரிடம் காட்டுங்கள்.

கேள்வி: வீட்டில் கட்டு மாற்றும்போது மஞ்சள்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாமா? முட்டை, கத்தரிக்காய், பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்கிறார்களே?
– வாசகி, நாமக்கல்

பதில்: ஈரோட்டு மஞ்சளின் அருமை நமக்குத் தெரியும், ஆனால் அது குழம்புக்கு. புண்ணில் தூவினால் கட்டியாகிப் பொருக்குத் தட்டும், அடியில் சீழ் சேர்வது வெளியே தெரியாது. காப்பித்தூள், சுண்ணாம்புக்கும் இதே பதில். பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைக்கிறோம். புதிதாக முளைக்கும் செல்களையும் அது கொல்கிறது.

மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் போதும். இல்லையென்றால் 1 லிட்டர் தண்ணீரில் 9 கிராம் தூளுப்பு, தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி. மூடி வைத்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவையுங்கள். மறுநாளைக்கு வைக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காஸ் ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சலைன் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் தானே விடும். இழுத்தால் அதோடு வருவது ஒரு வாரம் வளர்ந்த சதை. புண் வறண்டும் போகக்கூடாது, ஓரத்துத் தோல் ஊறி வெளுக்கவும் கூடாது. வறண்டால் ஜெல், வடிந்தால் நீரை உறிஞ்சும் ஃபோம். ஆழமான, நன்றாகச் சீவிச் சுத்தம் செய்த புண்ணுக்கு உறிஞ்சும் இயந்திரக் கட்டு உதவும். செத்த சதையை மூடி அதைப் போடுவது பணத்துக்குக் கேடு.

முட்டையைத் தடுக்கிறவர் புண்ணுக்கு எதிரி. 60 கிலோ எடையுள்ளவருக்குப் புண் ஆறத் தினமும் 75 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, நூறு கிராம் கொள்ளில் 22. முட்டைக்குப் பேர்போன ஊரிலிருந்து கொண்டு பத்தியத்தால் ரசம் சோறு மட்டும் கொடுப்பது எவ்வளவு வருத்தம்! சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாரு 12 வருடச் சர்க்கரைக்காரர். ஆறு மாதம் முன்புதான் புண் ஆறியது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரையும், பங்குனியில் பண்ணாரியில் குண்டம் இறங்குவதும் அவர் வேண்டுதல். தடுக்க மனசு வரவில்லை.
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: முதலில் கால் மரத்திருக்கிறதா பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. மொத்தம் ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் மரத்துவிட்டது என்று பொருள். அந்தக் காலோடு குண்டம் வேண்டாம். சுட்டது அவருக்குத் தெரியாது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். அந்த வேண்டுதலை வீட்டில் இன்னொருவர் ஏற்றுக்கொள்ளட்டும்.

பழனிக்கு வெறுங்காலில் வேண்டாம். பழகிய எம்.சி.ஆர். செருப்பு, தையல் உறுத்தாத பருத்திச் சாக்ஸ், அதுவும் கடைசி ஐந்தாறு கிலோமீட்டர் மட்டும். மீதி தூரம் வண்டியில். யாத்திரைக்கென்று புதுச் செருப்பு வாங்க வேண்டாம். வெயில் ஏறுமுன் நடக்கட்டும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் உட்காரவைத்து, சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கு உட்பட நீங்கள் பாருங்கள், செருப்புக்குள் கைவிட்டுத் தடவியும் பாருங்கள். கருவேல முள் ரப்பரைத் துளைத்து நிற்கும். பழைய புண் இருந்த இடம் மற்ற காலின் அதே இடத்தைவிடச் சுடுகிறதா என்று புறங்கையை வைத்துப் பாருங்கள். சுட்டாலோ, கொப்புளம் கண்டாலோ அன்றைய நடை அங்கேயே முடிந்தது. கொப்புளத்தை உடைக்காமல் காஸ் வைத்துக் கட்டி, வண்டியில் ஏற்றி மலையடிவாரத்தில் இறக்குங்கள். மேலே போக விஞ்ச் இருக்கிறது.